மதுரையில் முதல் பொங்கல்: சந்தைக்குக் கிளம்பும் முன்

வேலைக்கோ படிப்புக்கோ கல்யாணமாகியோ மதுரைக்கு வந்து, இந்த ஊரில் முதல் பொங்கலைக் கொண்டாடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வந்த வருஷம், ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது என்று பொங்கலுக்கு ஐந்து நாள் முன்பாகவே மண்பானை தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கி முடித்துவிட்டேன். பொங்கலன்று மஞ்சள் கொத்தின் இலை சுருண்டு கிடந்தது. வாழைப்பழம் கறுத்துவிட்டது. முதல் நாள் ராத்திரி கடைசி நேரத்தில் ஓடிப்போய் வாங்கிய மண்பானை, பால் பொங்குவதற்கு முன்னாலேயே அடியில் விரிசல் விட்டு அடுப்பை அணைத்தது. எதிர்வீட்டு அப்பத்தா அவர் வீட்டுப் பொங்கலை ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஒண்ணொண்ணுக்கும் ஒரு நாள் இருக்கு தாயி" என்றார். அடுத்த வருஷம் தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். கீழே இருப்பதில் பெரும்பகுதி அவரிடம் கற்றது. மீதி, அதற்குப் பிறகு வந்த பொங்கல்களில் சந்தைக்காரர்களே சொல்லிக்கொடுத்தது.

எங்கே எது கிடைக்கும்

மதுரையின் பழைய நகரம் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரிகிறது. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளிவீதி என்று உள்ளேயிருந்து வெளியே வரிசை. இந்த வரிசை மனதில் இருந்தால் வழி தவறாது.

மளிகைக்குக் கீழமாசி வீதி. வெல்லம், பருப்பு, பச்சரிசி, முந்திரி, ஏலக்காய் எல்லாம் மொத்தக் கடைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். அரைக் கிலோ கேட்டாலும் கொடுக்கிற கடைகள் நிறைய உண்டு. துணிக்கு விளக்குத்தூண் பக்கம். வாழைப்பழத்துக்கு யானைக்கல், வைகை ஆற்றை ஒட்டி. பூ, காய், பழம் மூன்றுக்கும் மாட்டுத்தாவணி. தாவணி என்றால் மாடு கட்டி விற்கிற இடம்; இன்றைக்கு அங்கே பேருந்து நிலையமும் பூ மார்க்கெட்டும் இருந்தாலும், பெயரில் பழைய மாட்டுச்சந்தை அப்படியே நிற்கிறது. பரவையில் இருப்பது மொத்தக் காய்கறி மார்க்கெட். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

புதிதாக வந்தவர்கள் முதலில் போகவேண்டியது உழவர் சந்தைக்குத்தான் என்பது என் கருத்து. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது மதுரை அண்ணாநகரில். விளைவித்தவரே அடையாள அட்டையோடு வந்து உட்கார்ந்து விற்கிற இடம் அது. வாசலில் அன்றைய விலைப்பலகை இருக்கும். அதை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊருக்குள் எந்தத் தெருவில் எதை வாங்கினாலும், எது நியாயமான விலை என்பதற்குக் கையில் ஓர் அளவுகோல் இருக்கும். காலையிலேயே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் நல்ல காய் மிஞ்சாது.

பத்து நாள் முன்னால்: பானை

எல்லாவற்றுக்கும் முதலில் வாங்கவேண்டியது மண்பானை. மார்கழி பாதியில் தெருவோரங்களில் பானைகள் குவிய ஆரம்பிக்கும். மானாமதுரையிலிருந்து வருவது, பக்கத்திலேயே விளாச்சேரியிலிருந்து வருவது என்று விற்பவர் சொல்லுவார். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

பானையை இடது கையில் தூக்கி, வலது கை விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று மணி மாதிரி ஒலித்தால் நன்றாக வெந்த பானை. மந்தமாகச் சத்தம் வந்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது, அல்லது சூளையில் சரியாக வேகவில்லை. உள்ளே கையை விட்டு அடியைத் தடவுங்கள். ஒரே கனமாக இருக்கவேண்டும். வாய் விளிம்பில் மேடுபள்ளம் இருந்தால் பரவாயில்லை, அடியில் இருக்கக் கூடாது. வண்ணம் அடித்துப் பூப்போட்ட பானையும் விற்பார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் நெருப்பில் வைக்கும்போது அடிப்பாகத்தில் வண்ணம் இருந்தால் புகைந்து நாறும். வண்ணம் கழுத்தோடு நின்றிருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு முக்கியம். பொங்கிவர இடம் வேண்டும். கால் கிலோ அரிசிக்கு, குறைந்தது மூன்று லிட்டர் தண்ணீர் கொள்ளும் பானை. பானையோடு ஒரு மூடி, உட்கார வைக்கப் பிரிமணை, கொட்டாங்குச்சியில் செய்த அகப்பை. அகப்பையை இந்தச் சமயத்தில் வாங்காவிட்டால் அப்புறம் தேடி அலையவேண்டும்.

வாங்கிய பானையைப் பழக்க வேண்டும். என் முதல் பானை உடைந்ததற்குக் காரணம் இதைச் செய்யாததுதான். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் முங்க வையுங்கள். மறுநாள் நிழலில் உலர்த்தி, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்க விடுங்கள். தானாக ஆறட்டும். இப்படி இரண்டு மூன்று தடவை. அதனால்தான் பத்து நாள் முன்னாலேயே வாங்கச் சொல்கிறேன். காஸ் அடுப்பில் பொங்கல் வைப்பதானாலும் இதே பக்குவம்தான். தீயை மட்டும் எடுத்த எடுப்பில் பெரிதாக வைக்காதீர்கள்.

உங்களுக்குக் கல்யாணமாகி முதல் பொங்கல் என்றால் பானை வாங்கும் முன் பிறந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தலைப்பொங்கலுக்கு வெண்கலப் பானை, கரும்பு, மஞ்சள், பழம், அரிசி, துணி என்று சீர் வரும். அப்பாவும் அண்ணனும் ஆசையாகத் தூக்கிக்கொண்டு வரும்போது இங்கே எல்லாம் வாங்கி வைத்திருந்தால் அவர்கள் முகம் வாடும்.

ஒரு வாரம் முன்னால்: வெல்லமும் அரிசியும்

வெல்லக் கடையில் கண் ஏமாற்றும். பளிச்சென்று வெளிர் மஞ்சளாக இருப்பதைத்தான் கை முதலில் எடுக்கும். நிறம் வெளுக்க ரசாயனம் போட்டுக் காய்ச்சியதாக அது இருக்கலாம். கரும்பழுப்பாக, அழுக்கேறியது போலத் தெரிகிற மண்டை வெல்லத்தைக் கேளுங்கள். ஒரு துணுக்கை வாயில் போட்டால் இனிப்பு மட்டும் வரவேண்டும். நாக்கில் உப்புக் கரித்தால் அந்த மூட்டை வேண்டாம். எந்தக் கடைக்காரரும் துணுக்குக் கொடுக்க மறுக்கமாட்டார். வீட்டில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டியே ஊற்றுங்கள், எவ்வளவு நல்ல வெல்லத்திலும் அடியில் மண் நிற்கும்.

கால் கிலோ பச்சரிசிக்கு 50 முதல் 75 கிராம் பாசிப்பருப்பு, 350 முதல் 400 கிராம் வெல்லம். இது எங்கள் வீட்டுக் கணக்கு. புது அரிசி கேட்டு வாங்கினால் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், அது சீக்கிரம் குழையும். முந்திரி முழுசாக வேண்டாம், பொங்கலில் போட உடைத்த முந்திரி போதும். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும்.

தமிழ்நாட்டு அரிசி ரேஷன் அட்டை உங்களிடம் இருந்தால், கடைக்குப் போகும் முன் பொங்கல் பரிசுத் தொகுப்பு பற்றி விசாரியுங்கள். அண்மைய ஆண்டுகளில் பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, முழுக் கரும்பு ஒன்று என்று கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கே டோக்கன் வரும், அதில் நாளும் நேரமும் போட்டிருக்கும். அந்த நேரத்துக்குப் போனால் வரிசை சிறியதாக இருக்கும்.

கோலப்பொடியையும் இந்த வாரமே வாங்கி வைக்கலாம். தெருவில் தலையிலும் தள்ளுவண்டியிலும் கொண்டுவந்து படிக்கணக்கில் அளந்து போடுவார்கள். இரண்டு விரலில் எடுத்து உதிர்த்துப் பாருங்கள். கம்பியாக இறங்கினால் நல்ல பொடி. காவியும் சேர்த்து வாங்குங்கள், வெள்ளைக்கோலத்துக்கு விளிம்பு கட்ட.

மூன்று நாள் முன்னால்: காயும் கிழங்கும்

பொங்கல் சமயத்துக் காய்ச்சந்தை மற்ற நாள் போல இருக்காது. உருளைக்கிழங்கும் காரட்டும் பின்வரிசைக்குப் போய்விடும். முன்னால் வந்து உட்காருவது மொச்சை, அவரை, பரங்கி, வெள்ளைப்பூசணி, வாழைக்காய், நாட்டுக் கத்தரி, சர்க்கரைவள்ளி, சேனை, கருணை, சேப்பங்கிழங்கு, சிறுகிழங்கு, பனங்கிழங்கு. இவற்றை ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் எடுத்து, படையலில் பச்சையாகவும் வைப்பார்கள். எல்லாம் சேர்த்து ஒரே குழம்பாகவும் வைப்பார்கள். அந்தக் குழம்பு மறுநாள் சுண்டவைத்த பிறகுதான் அதன் உச்சத்துக்கு வரும்.

கிழங்குகளை மண்ணோடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கழுவிப் பளபளவென்று வைத்திருப்பது சீக்கிரம் அழுகும். சிறுகிழங்கு நெல்லைப் பக்கத்துக்காரர்களின் உயிர். அதைத் தோல் சீவ உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பழைய சாக்கில் போட்டு வாயைக் கட்டி, தரையில் வைத்து இரண்டு கையாலும் உருட்டித் தேய்த்தால் தோல் தானாகக் கழன்றுவிடும். கருணையை நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், வேகும்போது புளித்தண்ணீர் சேருங்கள், அரிப்பு அடங்கும். பனங்கிழங்கு ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். நீளத்தைப் பார்க்காமல் பருமனைப் பாருங்கள். ஒடித்தால் படக்கென்று ஒடியவேண்டும், வளைந்தால் நார்.

மொச்சை உங்களுக்குப் புதிது என்றால் தவறவிடாதீர்கள். பச்சை மொச்சைக்காய் வருஷம் முழுக்கக் கிடைக்காது. காயைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே பயறு முட்டிக்கொண்டு தெரியவேண்டும். கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பயறை ராத்திரி ஊறவைத்துக் காலையில் பிதுக்கினால் பிதுக்குப்பருப்பு.

வாழைப்பழத்தை முக்கால் பழுத்த சீப்பாக எடுங்கள். காம்புப் பக்கம் பச்சை நிற்கவேண்டும். பொங்கலன்று சரியாகப் பழுத்திருக்கும். தேங்காயைக் காதருகே ஆட்டித் தண்ணீர் சத்தம் கேளுங்கள், மூன்று கண்ணும் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

போகி: கரும்பு

பொங்கலுக்கு வருவது செங்கரும்பு. ஆலைக்குப் போகிற கரும்பு வேறு, இது வேறு. மேலூர்ப் பக்கத்திலும் தேனி மாவட்டத்திலும் சித்திரை, வைகாசியில் நட்டு, எட்டு ஒன்பது மாதம் தண்ணீர் பாய்ச்சி, தோகை உரித்து, சாயாமல் சேர்த்துக் கட்டி வளர்த்து, மார்கழிக் கடைசியில் வெட்டுகிறார்கள். மூன்றே நாள் வியாபாரம். தை முதல் தேதி மதியத்துக்குமேல் அதைக் கேட்க ஆளில்லை. ஆலையும் எடுக்காது. விற்காத கரும்பு தெருவோரத்திலேயே காய்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். கரும்புக் கட்டின் பக்கத்தில் துண்டை விரித்து, மூன்று ராத்திரியும் பனியில் அங்கேயே படுத்திருக்கிறவர் பெரும்பாலும் விளைவித்தவரோ, வயலோடு மொத்தமாகப் பேசி எடுத்தவரோதான். விலை பேசும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எப்படிப் பார்ப்பது? அடியிலிருந்து நுனி வரை ஒரே பருமனாக வரவேண்டும். கணுவுக்குக் கணு இடைவெளி நீளமாக இருந்தால் சாறு அதிகம், கடிப்பதும் எளிது. மேலே வெள்ளை மாவு பூத்தது போல இருந்தால் புதுக் கரும்பு; துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கியதற்கு அந்தப் பூச்சு இருக்காது. தோகை பச்சையாக, வெட்டிய முனை வெளுப்பாக இருக்கவேண்டும். முனையில் சிவப்புக் கோடுகள் ஓடி, புளித்த வாடை அடித்தால் உள்ளே செவ்வழுகல் பிடித்திருக்கிறது, தொடாதீர்கள். கணுவில் சின்னத் துளை இருந்தால் பூச்சி துளைத்தது.

வீட்டுக்கு ஒரு சோடி போதும். விலையைக் கட்டுக்குத்தான் சொல்லுவார்கள். கட்டுக்கு எத்தனை கரும்பு என்பது ஆளுக்கு ஆள் மாறும், கேட்டுவிட்டுப் பேசுங்கள். எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு கட்டாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். சோடியாக வாங்குவதைவிடக் குறைவாகத்தான் ஆகிறது; கரும்புக்காரருக்கும் ஒரு கட்டு முழுசாகப் போகிறது.

"அண்ணே, கட்டு என்ன வெல?" என்று ஆரம்பியுங்கள். அவர் சொல்லுவார். "இம்புட்டுச் சொன்னா எப்படிண்ணே, பாத்துச் சொல்லுங்க" என்றால் கொஞ்சம் இறங்குவார். அதற்குமேல் ஒரு தடவை கேட்கலாம். "கட்டாதுக்கா" என்று அவர் கையை மடக்கிவிட்டால் அத்தோடு விடுங்கள். போகி காலையில் விலை ஏறி நிற்கும், ராத்திரிக்குமேல் இறங்கலாம், லாரிகள் அதிகம் வந்துவிட்டால் மதியமே இறங்கும். விழட்டும் என்று நடுராத்திரி வரை காத்திருந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களும் உண்டு. நான் அப்படி வாங்குவதில்லை.

கொண்டுவருவதுதான் பாடு. இரண்டு சக்கர வண்டியில் குறுக்கே வைத்துக்கொண்டு மாசி வீதிக் கூட்டத்தில் நுழையாதீர்கள், தோகை எதிரே வருபவர் கண்ணில் குத்தும். நடுவில் வெட்டித் தரச் சொல்லுங்கள். தோகையுள்ள மேல் பாதியைப் பூசைக்கு நட்டுக்கொள்ளலாம், அடிப் பாதி கடிக்க. முழுசாகத்தான் வேண்டும் என்றால் ஷேர் ஆட்டோவுக்கு முயலாமல் தனி ஆட்டோ பேசிவிடுங்கள். பூசை முடிந்ததும் தோகையைக் குப்பையில் போடாமல் மாடு வைத்திருப்பவர் வீட்டில் கொடுங்கள், அவர்களுக்கு மறுநாள் மாட்டுப்பொங்கல்.

மஞ்சள், இஞ்சி, காப்பு

மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் போகி சாயங்காலம் வாங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். இலை விரைப்பாக, அடியில் கிழங்கு பிரியாமல் இருக்கவேண்டும். பலர் இலையின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டில் திருப்பிப் பார்த்தால் அடியில் வேர் மட்டும்தான் இருக்கும். ஈரத்துணியில் கிழங்குப் பக்கத்தைச் சுற்றி, நிழலில் சாய்த்து வையுங்கள். காலையில் பானைக் கழுத்தில் கட்டும்போது இலை நிமிர்ந்து நிற்கும்.

போகி என்றால் சென்னையில் பழையதை எரிப்பது நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் காப்புக் கட்டுவது பெரிது. கூரைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை எல்லாம் சேர்த்த ஒரு சின்னக் கொத்து. கூரைப்பூவைச் சிறுபீளை என்றும் பூளைப்பூ என்றும் சொல்லுவார்கள். வெள்ளையாகப் பஞ்சு போலப் பூத்திருக்கும். இதை வீட்டு நிலையிலும் கூரையிலும் வண்டியிலும் வயலிலும் சொருகுவார்கள். கடையில் இது கிடைக்காது. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பெண்கள் விடிகாலையில் காட்டில் பறித்து, சாக்கில் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து, முச்சந்திகளில் உட்கார்ந்து விற்பார்கள். வருஷத்தில் அவர்கள் இந்த வியாபாரத்துக்கு வருவது இந்த ஒரு நாள்தான். கொத்து மிகச் சொற்ப விலை. அதில் பேரம் பேசவேண்டாம்; இரண்டாக வாங்கிக்கொண்டு, எது என்ன இலை என்று கேளுங்கள், பெயரோடு சொல்லித் தருவார்கள்.

பூ

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் கேட்டு வந்தவர்கள் பொங்கலன்று மல்லி விலையைப் பார்த்து மலைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பனிக்காலத்தில் மல்லிச் செடி சரியாகப் பூக்காது. வரத்துக் குறையும், தேவை ஏறும். கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிப்போவது தை மாதத்தில் புதிதில்லை. அந்த நாளில் சாமி படத்துக்கு சாமந்தி, சம்பங்கி, செண்டுப்பூ வாங்கிவிட்டு, தலைக்கு மட்டும் ஒரு முழம் மல்லி வாங்குங்கள்.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. யார் கை என்பதில்தான் கணக்கு. அதைவிட முக்கியம், நெருக்கக் கட்டியதா, கலக்கக் கட்டியதா என்பது. ஒரே முழத்தில் பூவின் எண்ணிக்கை பாதிக்குப் பாதி மாறும். "நெருக்கமா இருக்கறதாப் பாத்துக் குடுங்கக்கா" என்று கேட்டால் போதும். மாலையில் சூடுவதற்கு, காலையில் இறுக்கமான மொட்டாக இருக்கும் பூவை வாங்கி வாழையிலையில் பொதிந்து வையுங்கள். சொந்தமாகத் தொடுக்கத் தெரிந்தால் மாட்டுத்தாவணியில் உதிரிப் பூவாக 100 கிராம் எடுங்கள். நிலக்கோட்டை, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ விடிவதற்கு முன்பே அங்கே வந்து இறங்கும்.

நேரம், காசு, பை

விடிகாலை ஐந்தரையிலிருந்து எட்டு, அல்லது மதியம் இரண்டிலிருந்து நாலு. மாலை ஆறு மணிக்குமேல் மாசி வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. வண்டியை வெளிவீதியிலேயே எங்காவது முறையாக நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போங்கள்.

தள்ளுவண்டியிலும் ஸ்கேன் பண்ணும் அட்டை தொங்கும். ஆனால் கூட்ட நேரத்தில் சிக்னல் கிடைக்காமல் பணம் போனதா இல்லையா என்று இரண்டு பேரும் திகைத்து நிற்பது வழக்கம். 10, 20, 50 ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் போணி நேரத்தில் 500 ரூபாயை நீட்டினால் பாவம், அவர்கள் பக்கத்துக் கடைகளுக்கு ஓடவேண்டும். போணி என்பது அன்றைய முதல் வியாபாரம். அது ஆகாமல் போனால் நாள் முழுக்க மந்தமாகும் என்பது நம்பிக்கை. காலையில் முதல் ஆளாகப் போய் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகராதீர்கள். வாங்குகிற எண்ணம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மஞ்சப்பை இரண்டு, கனத்துக்கு ஒரு கட்டைப்பை எடுத்துப்போங்கள். பூவுக்கும் வாழைப்பழத்துக்கும் தனிப் பை, அடியில் போனால் நசுங்கிவிடும். நகையையும் செல்போனையும் பற்றிச் சொல்லத் தேவையில்லை, கூட்டம் கூட்டம்தான்.

கூப்பிடும் முறை சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆண்களை அண்ணே, பெண்களை அக்கா, வயதானவர்களை அம்மா, ஐயா, பழகிவிட்டால் அப்பத்தா. "ஹலோ" என்று அழைத்தால் யாரும் திரும்பமாட்டார்கள். வாங்கி முடித்ததும் கருவேப்பிலை கொத்தமல்லி கொசுறாகக் கேட்கலாம், பொங்கல் நெருக்கடியிலும் தருவார்கள்.

தை பிறந்த பிறகு

பொங்கலன்று காலை எட்டு மணிக்குள் தெருக்கடைகள் சுருங்கிவிடும். பாலை முதல் நாள் ராத்திரியே வாங்கி வையுங்கள். தை 2 மாட்டுப்பொங்கல், அதே நாள் திருவள்ளுவர் நாள். அன்று இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வருவது வழக்கம், டாஸ்மாக்கும் மூடியிருக்கும். சுமை தூக்குபவர்களும் கடைப் பையன்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். காய் மார்க்கெட் பழைய நிலைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அதுவரைக்கும் தாங்குகிற மாதிரி வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் இருக்கிறதா என்று போகியன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜல்லிக்கட்டு நாட்களில் போக்குவரத்தும் மாறும். வழக்கமாகத் தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர். பொங்கலன்று விமான நிலையம் போகவேண்டியிருந்தால் அவனியாபுரம் வழியைத் தவிர்த்துச் சுற்றுப்பாதையில் முன்கூட்டியே கிளம்புங்கள்.

பானையைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்து வையுங்கள், பழகிய பானையில் மீன்குழம்பு வைத்தால் ருசியே வேறு. கொத்திலிருந்த மஞ்சளில் கொழுத்த விரலாக ஒன்றைப் பிரித்து, மண் நிரப்பிய தொட்டியில் இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். தண்ணீர் அதிகம் ஊற்றவேண்டாம். மாசி, பங்குனியில் ஒன்றும் தெரியாது, அழுகிவிட்டதோ என்று தோண்டிப் பார்க்கத் தோன்றும். தோண்டாதீர்கள். கோடை மழை இரண்டு விழுந்ததும் முளை வரும்.